சந்திரபாபு: பாட்டு ஹிட்... பாடியவர் என்ன ஆனார்?

கறுப்பு வெள்ளை காலத்துப் பாட்டு என்றாலே ஸ்கிப் பண்ணுகிறவர்கள்கூட சில பாட்டுகளில் நின்றுவிடுவார்கள். 'குங்குமப் பூவே', 'நான் ஒரு முட்டாளுங்க', 'புத்தியுள்ள மனிதரெல்லாம்' எல்லாம் அந்த வகை. கல்யாண வீட்டு லைட் மியூசிக், டிவி ரியாலிட்டி ஷோ, ராத்திரி எஃப்.எம். என எங்கே ஒலித்தாலும் கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிடும். இந்த மூன்றையும் பாடியது ஒரே குரல். ஜே.பி.சந்திரபாபு.

அவர் மறைந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. கல்லறை நம்ம மயிலாப்பூர் பக்கத்திலேயே, சாந்தோம் தாண்டி குயிபிள் ஐலண்டில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஒரு படத்தின் காமெடி டிராக்குக்கு மட்டும் ஒரு லட்சம் ரூபாய் கேட்டவர் அவர். இறக்கும்போது வயது 46. கையில் காசு இல்லை, சொந்த வீடு இல்லை.

பாட்டு இவ்வளவு ஹிட் ஆன பிறகும் பாடியவருக்கு ஏன் இப்படி ஆனது? குடி, கடன் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது பாதிக் கதைதான். மீதிக் கதையில் ஒரு துறைமுகம், ஒரு வெளிநாட்டு ரேடியோ, ஒரு சட்டம் எல்லாம் வருகிறது. வரிசையாகப் பார்ப்போம்.

தூத்துக்குடியில் பிறந்தார், கொழும்பில் வளர்ந்தார்

1927 ஆகஸ்டில் தூத்துக்குடியில் பிறந்தார் சந்திரபாபு. அந்த ஊரில் ஆகஸ்ட் 5 என்றால் பனிமய மாதா கோயில் திருவிழா. அந்த மாதாவின் பெயரையே பிள்ளைக்கும் வைத்தார்கள். ஜே.பி. என்ற இனிஷியலின் விரிவு ஜோசப் பனிமயதாஸ். குடும்பப் பெயர் ரோட்ரிகஸ்.

தூத்துக்குடிப் பையனுக்கு ரோட்ரிகஸ் என்ற பெயர் எப்படி வந்தது? 1530-களில் போர்த்துகீசியர்கள் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, அங்கிருந்த பரதவ சமூகத்தினர் பெரும் எண்ணிக்கையில் கத்தோலிக்கர்களாக மாறினார்கள். அதோடு பர்னாந்து, ரோட்ரிகஸ் போன்ற பெயர்களும் ஒட்டிக்கொண்டன. இன்றைக்கும் தூத்துக்குடி, மணப்பாடு பக்கம் போனால் இந்தப் பெயர்கள் சர்வசாதாரணம்.

அப்பா சுதந்திரப் போராட்ட வீரர், பத்திரிகைக்காரர். 'சுதந்திர வீரன்' என்ற பத்திரிகையை நடத்தினார். பிரிட்டிஷ் அரசு சும்மா விடுமா? கெடுபிடி அதிகமாகி, குடும்பமே கொழும்புக்குப் போக வேண்டியதானது. சந்திரபாபு அப்போது ரொம்பச் சின்னப் பிள்ளை. படிப்பு, விளையாட்டு, பாட்டு எல்லாமே அங்கேதான். 1943-ல் குடும்பம் சென்னைக்குத் திரும்பி, திருவல்லிக்கேணியில் குடியேறியது. அப்பா 'தினமணி'யில் வேலைக்குச் சேர்ந்தார்.

அதாவது, சென்னைக்கு வரும்போது அவருக்கு வயது 16. காது ஏற்கெனவே பழகிவிட்டிருந்தது. கர்நாடக சங்கீத சபாக்கள் நிறைந்த நகரத்துக்குள், வேறு மாதிரியான இசையைக் கேட்டு வளர்ந்த ஒரு பையன் நுழைந்தான்.

சால்சாவுக்கும் பைலாவுக்கும் என்ன உறவு?

இங்கே ஒரு சின்ன பிரேக். சந்திரபாபுவின் பாட்டில் இருக்கும் அந்தத் துள்ளலைப் புரிந்துகொள்ள, உலகத்தின் இன்னொரு மூலைக்குப் போய் வரணும்.

இன்றைக்குச் சென்னையில்கூட வாரக் கடைசியில் கிளாஸ் எடுக்கிறார்களே, அந்த சால்சா எங்கிருந்து வந்தது? கியூபா தீவில் ஸ்பானிஷ்காரர்களின் கிட்டாரும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தாளமும் கலந்து 'சோன்' என்ற இசை உருவானது. அது, மாம்போ, சா-சா-சா எல்லாம் நியூயார்க்குக்குப் போய், அங்கிருந்த லத்தீன் அமெரிக்கக் குடியேறிகளின் கையில் இன்னும் சூடேறியது. அறுபதுகள், எழுபதுகளில் 'சால்சா' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. 1964-ல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட ஃபானியா ரெக்கார்ட்ஸ் கம்பெனிக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

இலங்கையிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். இங்கே ஸ்பானிஷ்காரர்களுக்குப் பதில் போர்த்துகீசியர்கள். அவர்களோடு வந்த ஆப்பிரிக்கர்களின் தாளமும் ஐரோப்பிய மெட்டும் கலந்து உருவானதுதான் இன்றைய பைலா. உட்கார்ந்திருக்கும் ஆளை எழுப்பி ஆட வைக்கிற இசை. சால்சா, பைலா இரண்டுமே கப்பலில் வந்தவர்களும் கடற்கரை மக்களும் கலந்து போட்ட மெட்டு என்று சொல்லலாம்.

சந்திரபாபு சால்சா பாடியவர் இல்லை. அவர் ஹிட் கொடுத்த காலத்தில் அந்தப் பெயரே பிரபலமாகவில்லை. ஆனால் பைலாவும், ஆங்கில நடன இசையும், ஹாலிவுட் படப் பாட்டும் சேர்ந்து ஒலித்த ஒரு துறைமுக நகரத்தில் வளர்ந்தவர். தமிழ் சினிமாவில் மேற்கத்திய பாணி பாட்டு என்றால் பல சமயம் அது ஒரு 'ஃபாரின்' வேஷம் போலத் தெரியும். இவர் பாடும்போது அப்படித் தோன்றவில்லை. அவருக்கு அது ஊர்ப் பாட்டு.

வாய்ப்பு தேடிய 5 ஆண்டுகள்

1947-ல் 'தன அமராவதி' படத்தில் முதல் வாய்ப்பு கிடைத்தது. எழுத்தாளர் பி.எஸ்.ராமையா இயக்கிய படம். அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஏறி இறங்கினார். ஆடத் தெரியும், பாடத் தெரியும், விழுந்து எழுந்து காமெடி பண்ணத் தெரியும். ஆனால் உள்ளே விட ஆள் இல்லை.

அப்போது இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமனிடம் உதவியாளராக இருந்தவர் எம்.எஸ்.விஸ்வநாதன். வாய்ப்பு கேட்டு வந்த சந்திரபாபுவின் பாட்டைக் கேட்டுவிட்டு, இது சரிப்படாது என்று அவர் சொல்லிவிட்டதாக ஒரு கதை உண்டு. பின்னாளில் சந்திரபாபுவின் மிக நெருங்கிய நண்பர் யார் தெரியுமா? அதே எம்.எஸ்.வி.தான். அந்த நட்பு இந்தக் கட்டுரையின் கடைசியில் மறுபடி வரும்.

1952-ல் ஜெமினி ஸ்டூடியோவில் எஸ்.எஸ்.வாசனைப் பார்க்க முடியாமல் விரக்தியடைந்த சந்திரபாபு, அங்கேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அன்றைய சட்டப்படி தற்கொலை முயற்சி ஒரு குற்றம். வழக்கு கோர்ட்டுக்குப் போனது. அங்கே அவர் ஒரு தீக்குச்சியைப் பற்றவைத்து, தன் உள்ளங்கையிலேயே வைத்து அணைத்தார் என்றும், சுட்ட தழும்பு மற்றவர்களுக்குத் தெரியும், அந்த வலி தெரியாது என்று நீதிபதிக்குப் புரியவைத்தார் என்றும் சொல்வார்கள். நீதிபதி அவரைத் தண்டிக்கவில்லை.

(இன்று நிலைமை வேறு. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, அவருக்கு உதவ வேண்டும் என்கிறது. உங்களுக்கோ, தெரிந்தவர்களுக்கோ அப்படி ஓர் எண்ணம் வந்தால் 104 அல்லது 14416 எண்ணுக்கு அழைக்கலாம்.)

அதே 1952-ல் வாசனின் ஜெமினி தயாரித்த 'மூன்று பிள்ளைகள்' படத்தில் சந்திரபாபு நடித்தார். கதவு திறந்துகொண்டது.

அந்தக் குரலில் அப்படி என்ன ஸ்பெஷல்?

முதல் விஷயம், யோடலிங். மார்பிலிருந்து வரும் கனத்த குரலில் பாடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று மேலே தாவி, மெல்லிய கள்ளக்குரலுக்குப் போய், மறுபடி கீழே குதிப்பது. ஆல்ப்ஸ் மலையில் ஆடு மாடு மேய்ப்பவர்களின் கூவலாக இருந்தது அது. அமெரிக்கப் பாடகர் ஜிம்மி ரோட்ஜர்ஸ் 1927-ல் பதிவு செய்த 'ப்ளூ யோடல்' அதை இசைத்தட்டு உலகத்தில் பிரபலமாக்கியது. சந்திரபாபு பிறந்ததும் அதே ஆண்டுதான். இந்தியில் கிஷோர் குமார் யோடலிங்கில் கலக்கினார். தமிழில் அந்த இடம் சந்திரபாபுவுக்கு.

இரண்டாவது, உடம்பு. அவர் பாட்டை ஆடியோவாக மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். யூடியூபில் வீடியோவைப் பாருங்கள். கால் ஒரு பக்கம் வழுக்கும், இடுப்பு இன்னொரு பக்கம் போகும், முகம் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். சார்லி சாப்ளினின் சாயல் தெரியும். டூப் போடாமல் படிக்கட்டில் உருளுவார். இன்றைக்கு டான்ஸ் மாஸ்டர் சொல்லிக்கொடுக்கும் ஸ்டெப் மாதிரி இருக்காது. தாளம் உடம்புக்குள் போய் வெளியே வருகிற மாதிரி இருக்கும்.

மூன்றாவது, மொழி. 1958-ல் வந்த 'சபாஷ் மீனா'வில் அவருக்கு இரட்டை வேடம். ஒருவர் ரிக்‌ஷாக்காரர், பேசுவது மெட்ராஸ் பாஷை. தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஒருவர், சென்னையின் தெருப் பேச்சை இவ்வளவு கச்சிதமாகப் பிடித்தது ஆச்சரியம்தான். இந்தப் படம் 1962-ல் இந்தியில் 'தில் தேரா தீவானா' ஆனது. சந்திரபாபு செய்த வேடத்தை அங்கே மெஹ்மூத் செய்து, ஃபிலிம்ஃபேர் விருதும் வாங்கினார். 'உள்ளத்தை அள்ளித்தா' படம் பார்த்தவர்களுக்கும் 'சபாஷ் மீனா' கதை பரிச்சயமாகத் தெரியும்.

தனக்காக மட்டும் அவர் பாடவில்லை. 1954-ல் 'கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி' படத்தில் சிவாஜி கணேசனுக்கும், 'பெண்' படத்தில் எஸ்.பாலச்சந்தருக்கும் குரல் கொடுத்தார். பின்னாளில் வீணை மேதையாக உலகம் அறிந்த அதே பாலச்சந்தர்தான்.

ஹிட் வரிசை

1957-ல் 'புதையல்'. கதை, வசனம் மு.கருணாநிதி. சிவாஜி, பத்மினி நடித்த படத்தில் சந்திரபாபுவுக்கு ஒரு பாட்டு: 'உனக்காக எல்லாம் உனக்காக'. எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. மேற்கே ராக் அண்ட் ரோல் அலை அடித்துக்கொண்டிருந்த நேரம். அந்தத் தாளத்தில் ஒரு தமிழ்க் காதலன் காதலிக்காக எதையும் செய்வேன் என்று குதிக்கிறான். எழுதியது யார் பாருங்கள், உழைப்பாளிகளின் கவிஞர் என்று பெயர் வாங்கியவர். அவருடைய எளிய தமிழும் சந்திரபாபுவின் துள்ளலும் நன்றாகவே சேர்ந்தன.

1959-ல் 'மரகதம்'. கோவை பட்சிராஜா ஸ்டூடியோ தயாரிப்பு. இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. ஜமுனாராணியுடன் சேர்ந்து சந்திரபாபு பாடிய 'குங்குமப் பூவே' அந்தப் படத்தையே தாண்டி நிற்கிறது. 'மரகதம்' கதை என்ன என்று கேட்டால் இன்று பத்தில் ஒருவர் சொல்வது சந்தேகம். இந்தப் பாட்டின் மெட்டு தெரியாதவரைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கஷ்டம். ஹீரோ, ஹீரோயின் டூயட் இல்லை, காமெடியன் பாட்டு. இருந்தும் அதுதான் நின்றது.

அதே ஆண்டு 'சகோதரி'. இந்த ஒரு லட்சம் கதை இங்கேதான் வருகிறது. ஏவி.எம். தயாரித்த படம் முடிந்த நிலையில், ஏதோ குறைகிறது என்று மெய்யப்ப செட்டியாருக்குத் தோன்றியது. சந்திரபாபுவைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார்கள். ஒரு பால்காரர் கேரக்டரில் தனிக் காமெடி டிராக் சேர்க்கலாம் என்று ஐடியா கொடுத்த அவர், அதற்கு ஒரு லட்சம் சம்பளம் கேட்டார். அன்றைய கணக்கில் அது பெரிய ஹீரோக்களின் சம்பளம். டிராக் சேர்க்கப்பட்டது, கண்ணதாசன் எழுத, ஆர்.சுதர்சனம் இசையமைக்க 'நான் ஒரு முட்டாளுங்க' பிறந்தது, படம் ஓடியது. 1962-ல் 'அன்னை' படத்துக்காக இதே மூவர் கூட்டணி 'புத்தியுள்ள மனிதரெல்லாம்' பாட்டைக் கொடுத்தது. வாழ்க்கைத் தத்துவத்தை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு பாட்டு.

ஹிட் ஆக்கியது யார்?

நல்ல பாட்டு தானாக ஹிட் ஆகும் என்று நினைக்கிறோம். ஆனால் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வழி வேணும். இன்றைக்கு அல்காரிதம். அன்றைக்கு ரேடியோ.

1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார் பி.வி.கேஸ்கர். சினிமாப் பாட்டு தரமானது இல்லை என்பது அவர் கருத்து. ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓரங்கட்டப்பட்டு, சாஸ்திரிய சங்கீதத்துக்கு முன்னுரிமை கிடைத்தது. மக்கள் என்ன செய்தார்கள்? ரேடியோவின் முள்ளைத் திருப்பி சிலோனில் வைத்தார்கள். கொழும்பிலிருந்து ஒலிபரப்பான ரேடியோ சிலோன் இந்திப் பாட்டால் வட இந்தியாவையும், தமிழ் ஒலிபரப்பால் தமிழ்நாட்டையும் கட்டிப்போட்டது. நிலைமை கைமீறுவதைப் பார்த்துத்தான், 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கப்பட்டது.

சந்திரபாபுவின் ஹிட் பாட்டுகள் வந்த ஆண்டுகளோடு இதைப் பொருத்திப் பாருங்கள். 1957, 1959, 1962. கொழும்பில் வளர்ந்த பையன் சென்னைக்கு வந்து பாடினான். அந்தப் பாட்டு இசைத்தட்டாகக் கொழும்புக்குப் போய், கடல் தாண்டி அலைவரிசையில் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தது. ஒரு இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடம்தான் பதிய முடியும். அந்த 3 நிமிடத்துக்குள் யோடலிங், காமெடி, தாளம் எல்லாம் கொடுக்கக்கூடிய பாட்டு ரேடியோவுக்கு லட்டு மாதிரி. படம் பார்க்காதவருக்கும் பாட்டு போய்ச் சேர்ந்தது.

பிறகு எங்கே சறுக்கல்?

காமெடியனாக உச்சத்தில் இருந்தவருக்கு அது போதவில்லை. 1960-ல் கண்ணதாசன் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்' படத்தில் நாயகன் ஆனார். அதில் அவர் பாடிய 'பிறக்கும்போதும் அழுகின்றாய்' நிலைத்துவிட்டது. படம் ஓடவில்லை. ஷூட்டிங்குக்கு நேரத்துக்கு வராதது உள்பட பல பிரச்சினைகள். கண்ணதாசனுக்குப் பெரிய நஷ்டம், நட்பிலும் விரிசல். பாட்டு ஜெயித்து, படம் தோற்று, போட்ட பணம் போய், உறவும் கசந்த கதை.

அந்தப் பாட்டைப் பற்றி இன்னொரு சம்பவம் சினிமா வட்டாரத்தில் பல வருஷமாகச் சொல்லப்படுகிறது. ராணுவ வீரர்களுக்காகக் கலைநிகழ்ச்சி நடத்திவிட்டு வந்த தமிழ் சினிமாக் குழுவை டெல்லியில் குடியரசுத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் சந்தித்தார். சந்திரபாபு இந்தப் பாட்டைப் பாட, அவர் ரசித்துப் பாராட்ட, உற்சாகம் தாங்காமல் நேராகப் போய் அவர் மடியில் உட்கார்ந்துவிட்டாராம் சந்திரபாபு. கூட வந்தவர்கள் ஆடிப்போய்விட்டார்கள். ராதாகிருஷ்ணன் கோபப்படவில்லை. மயிலாப்பூரில் நாம் தினமும் டிராஃபிக்கில் நிற்கும் ராதாகிருஷ்ணன் சாலை இவர் பெயரில் உள்ளதுதான், அவருடைய வீடும் அதே சாலையில்தான்.

எவ்வளவு பெரிய ஆளானாலும் ஒரே மாதிரி பழகுவது அவர் சுபாவம். பெரிய ஸ்டார்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்வார். எழுத்தாளர் ஜெயகாந்தன் போன்ற நண்பர்களுக்கு அது பிடித்திருந்தது. மரியாதை என்பது கும்பிடு போடுவதில் இருக்கிறது என்று நம்பிய ஒரு துறையில், அது பலருக்குப் பிடிக்கவில்லை.

சொந்த வாழ்க்கையிலும் அடி. திருமணம் நிலைக்கவில்லை, மனைவி பிரிந்து போனார். குடிப்பழக்கம் கூடியது.

அறுபதுகளில் எம்.ஜி.ஆரை நாயகனாக வைத்து 'மாடி வீட்டு ஏழை' என்ற படத்தைச் சந்திரபாபு ஆரம்பித்தார். படம் பாதியில் நின்றது. போட்ட பணம் முடங்கியது. இன்னொரு பக்கம், கேசவப்பெருமாள்புரத்தில் ஆசை ஆசையாக ஒரு வீடு கட்டினார். கார் நேராக மாடிக்கே ஏறிப் போகிற மாதிரி பிளான் என்று அந்தக் காலத்தில் ஊரே பேசிய வீடு. கடனில் அதுவும் கைவிட்டுப் போனது. நின்றுபோன படத்தின் தலைப்பு அவருக்கே பொருந்திவிட்டது என்று பிறகு பலர் எழுதினார்கள்.

1966-ல் சாவித்திரியுடன் நடித்து 'தட்டுங்கள் திறக்கப்படும்' என்ற படத்தை அவரே இயக்கினார். விமர்சகர்கள் இன்றும் அதன் முயற்சியைப் பாராட்டுகிறார்கள். வசூல் கைகொடுக்கவில்லை. 1969-ல் 'அடிமைப்பெண்' படத்தில் மறுபடி எம்.ஜி.ஆருடன் நடித்தார். ஆனால் பழைய மார்க்கெட் திரும்பவில்லை. நாகேஷ் காலம் எப்போதோ தொடங்கிவிட்டிருந்தது.

ராயல்டி வந்திருக்காதா?

இந்த இடத்தில் இன்றைய வாசகருக்கு நியாயமான ஒரு கேள்வி வரும். படம் போனால் போகட்டும், இத்தனை ஹிட் பாட்டு இருக்கே, அதிலிருந்து பணம் வந்திருக்காதா?

வந்திருக்காது. சட்டம் அப்படி. நாடு சுதந்திரம் அடைந்த பிறகு வந்த பதிப்புரிமைச் சட்டம் 1957-ம் ஆண்டினுடையது. 'புதையல்' வந்த அதே ஆண்டு. பாட்டு எழுதியவர், மெட்டுப் போட்டவர், இசைத்தட்டு வெளியிட்டவர் பற்றி அந்தச் சட்டம் பேசியது. பாடியவருக்கு என்று தனி உரிமை எதுவும் அதில் இல்லை. ரெக்கார்டிங் அன்று பேசிய சம்பளத்தை வாங்கினால் கணக்கு முடிந்தது. பிறகு அந்தப் பாட்டு ரேடியோவில் ஆயிரம் தடவை ஒலித்தாலும் சரி, கல்யாண வீட்டு மைக்செட்டில் தேய்ந்தாலும் சரி.

எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் மட்டும் நல்ல காலமா என்றால், அதுவும் இல்லை. படத்துக்காகக் காசு கொடுத்து உருவாக்கப்படும் பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாடுகிறவர், நடிக்கிறவர் போன்ற நிகழ்த்துக் கலைஞர்களின் உரிமை சட்டத்துக்குள் வந்ததே 1994 திருத்தத்தில்தான். ராயல்டியை ஒழுங்குபடுத்திய பெரிய திருத்தம் 2012-ல் வந்தது. அடுத்த ஆண்டே பாடகர்கள் சேர்ந்து தங்கள் உரிமைக்காகத் தனிச் சங்கம் அமைத்தார்கள்.

சந்திரபாபு இறந்தது 1974-ல். இந்த மாற்றம் எதுவும் அவரைத் தொடவில்லை. 'சகோதரி'க்கு அவர் கேட்ட ஒரு லட்சத்தை அகம்பாவம் என்று அன்று சிலர் பேசினார்கள். இன்றைக்கு யோசித்தால் வேறு மாதிரியும் தெரிகிறது. பாட்டு எத்தனை வருஷம் சம்பாதித்தாலும் தனக்குக் கிடைப்பது அந்த ஒரு நாள் சம்பளம்தான் என்ற நிலையில், அந்த ஒரு நாளில் முழுசாகக் கேட்டுவிடுவதைத் தவிர ஒரு கலைஞருக்கு வேறு என்ன வழி இருந்தது?

இதை வைத்து எல்லாப் பழியையும் சட்டத்தின் மேல் போட முடியாது. குடித்தது அவர்தான், கையில் இருந்ததையெல்லாம் ஒரே படத்தில் போட்டதும் அவர்தான். ஆனால் தவறான முடிவு எடுக்காத கலைஞர் யார்? தப்பு பண்ணி விழுந்தவர் எழுந்து நிற்கப் பிடிமானமாக, பழைய உழைப்பிலிருந்து மாதம் கொஞ்சம் பணம் வந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். அவர் பாட்டு அந்த அளவுக்குச் சம்பாதித்துக்கொண்டுதான் இருந்தது.

சாந்தோமில் கடைசிப் பயணம்

1974 மார்ச் மாதம் சந்திரபாபு காலமானார். தன் உடலைக் கொஞ்ச நேரமாவது எம்.எஸ்.விஸ்வநாதன் வீட்டில் வைக்க வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை என்றும், எம்.எஸ்.வி. அதை நிறைவேற்றினார் என்றும் சொல்வார்கள். எம்.எஸ்.வி. வாழ்ந்தது சாந்தோமில். ஆரம்பத்தில் இந்தக் குரல் சரிப்படாது என்று சொன்ன அதே மனிதரின் வீட்டு வாசலிலிருந்துதான் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் விடைபெற்றார். அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய குயிபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் இழந்த கேசவப்பெருமாள்புரம் வீட்டுக்கும் இந்த இடத்துக்கும் பெரிய தூரமில்லை.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

சந்திரபாபுவை இதுவரை முழுசாகக் கேட்காதவர்களுக்கு ஒரு சின்ன பிளேலிஸ்ட். இந்த வரிசையில் கேட்டால் அவர் வாழ்க்கையின் ஏற்ற இறக்கமும் சேர்ந்தே புரியும்.

முதலில் 'புதையல்' (1957) பாட்டு. வாய்ப்புக்காக ஏங்கியவர், கிடைத்ததும் எப்படிக் குதித்தார் என்று தெரியும். அடுத்து 'மரகதம்' (1959). ஜமுனாராணியின் குரலும் இவர் குரலும் மாறி மாறி வரும் இடங்களில் தாளத்தைக் கவனியுங்கள். மூன்றாவது 'சகோதரி' (1959), அந்த ஒரு லட்சம் ரூபாய்ப் பாட்டு. நான்காவது 'கவலை இல்லாத மனிதன்' (1960). அவருடைய காமெடிக்கு அடியில் என்ன இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. கடைசியாக 'அன்னை' (1962).

அஞ்சும் சேர்த்துக் கால் மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். மெட்ரோவிலோ எம்.ஆர்.டி.எஸ்.ஸிலோ ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டு முடித்துவிடலாம். இனி இந்தப் பாட்டு எங்காவது ஒலிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் யார் பாடியது என்று கேட்டால், ஜோசப் பனிமயதாஸ் ரோட்ரிகஸ் என்று முழுப் பெயரைச் சொல்லுங்கள்.